பெட்டிக்குள் கருவாடும் அன்னாசியும்: கட்டாயப் பொருள் சமையல் போட்டிக்குச் செட்டிநாட்டுக் கேள்வி–பதில்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டு ஊர்களில் சமையல் போட்டிக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்களுக்காக எழுதியது. 'கட்டாயப் பொருள்' சுற்று (சிலர் மிஸ்டரி பாக்ஸ் என்பார்கள்) என்றால், மூடிய பெட்டியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு பொருள்கள் இருக்கும். எதையும் விடாமல் சேர்த்து, குறித்த நேரத்துக்குள் பதார்த்தம் செய்து வைக்க வேண்டும். கீழே உள்ள அளவுகள் நாலு தட்டுக்கு. நேரம் 60 நிமிடம் என்று வைத்துக்கொண்டோம்.

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை என்ன?

அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். என்ன சமைக்கப் போகிறோம் என்பது முடிவாகாவிட்டாலும் வெந்நீர் எதற்காவது வேண்டியிருக்கும். கருவாடு ஊற, புளி கரைய, அரிசி வேக எல்லாவற்றுக்கும் அதுதான்.

அடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி வாயில் போட்டுப் பாருங்கள். பச்சையாகத் தின்னக் கூடாதவற்றை (பிரண்டை, சேனை, பலாக்கொட்டை) முகர்ந்து பார்த்தால் போதும். கருவாட்டின் உப்பும் அன்னாசியின் புளிப்பும் வாங்கும் இடத்துக்கு இடம் மாறும். பெயரை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டவருக்கு உப்பு எகிறும்.

பிறகு ஒரு தாளில் பொருளின் பெயர், அதற்கு எதிரே அது செய்யக்கூடிய வேலை, வேக எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். வேலை என்பது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, மணம், கெட்டி, மொறுமொறுப்பு இவற்றில் ஒன்று. கருவாடு என்று பார்த்தால் அன்னாசியோடு ஒட்டவே ஒட்டாது. 'உப்பு' என்றும் 'புளிப்பு–இனிப்பு' என்றும் பார்த்தால் இரண்டும் தினமும் ஒரே இலையில் சந்திப்பவைதான். இதற்கெல்லாம் 5 நிமிடம். அதற்கு மேல் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

எந்தப் பொருளை முதன்மையாக வைப்பது?

பெரும்பாலும் மாவுச்சத்து உள்ளதை: அரிசி, பலாக்கொட்டை, கிழங்கு, பயறு. அவை தட்டை நிறைக்கும், மற்றவற்றின் ருசியை உள்ளே வாங்கிக்கொள்ளும். வாசனை முந்திக்கொண்டு வரும் பொருளை (கருவாடு, அன்னாசிப்பூ, பெருங்காயம்) முதன்மையாக்கினால் மற்ற மூன்றும் காணாமல் போய்விடும்.

பொருள் நான்கு என்றால் வேலையும் நான்காக இருக்கட்டும். ஒரே வேலைக்கு இரண்டு பேர் நின்றால், உதாரணமாகப் புளியும் மாங்காயும், ஒன்றின் அளவைக் கால்வாசியாகக் குறைத்துவிடுங்கள்.

ஒரு பொருளை அலங்காரத்துக்கு மேலே தூவினால் போதாதா?

போதாது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாலும் அந்தப் பொருள் இருப்பது தெரிய வேண்டும். அதை எடுத்துவிட்டால் பதார்த்தத்தில் ஏதோ குறைய வேண்டும். இரண்டில் ஒன்றாவது நடக்காவிட்டால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார், அது நியாயமும் கூட.

யாரும் செய்யாத பதார்த்தத்தையே கண்டுபிடிக்க வேண்டுமா?

வேண்டாம். கை பழகிய ஒரு பதார்த்தத்தின் கட்டுமானத்தை எடுத்து, உள்ளே போவதை மாற்றுங்கள். செட்டிநாட்டு அடுப்படி காலம்காலமாகச் செய்துவந்ததும் இதைத்தான். கவுனி என்னும் கறுப்பு அரிசி பர்மாவில் வணிகம் செய்தவர்களோடு வந்தது. அன்னாசிப்பூவின் தாயகம் தென்சீனாவும் வியட்நாமின் வடபகுதியும். கல்பாசி என்ற மசாலாப் பொருள் மலைக்காட்டு மரங்களிலும் பாறைகளிலும் படர்வது, சிவகங்கைச் சீமையின் வறண்ட காட்டில் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து வந்த பொருளைத் தேங்காய், சோம்பு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெயோடு பழக்கித் தன் சமையலாக்கியது இந்த ஊர். போட்டியில் உங்களுக்கு அதைச் செய்ய ஒரு மணி நேரம் கொடுக்கிறார்கள்.

எந்தச் செட்டிநாட்டுப் பதார்த்தங்கள் இதற்குத் தோதாக இருக்கும்?

முதலிடம் மண்டிக்கு. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு காயை வேகவைப்பது. பொடி எதுவும் போடுவதில்லை என்பதால் புதுப் பொருளின் ருசி அமுங்காது. 2 டம்ளர் கழுநீருக்குச் சிறு எலுமிச்சை அளவு புளி, சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், மிளகாய் 6. முதல் கழுநீரில் தூசி இருக்கும், இரண்டாவதையே எடுங்கள். கழுநீர் கிடைக்காவிட்டால் 2 டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவு கரைத்துக்கொள்ளலாம். வெண்டைக்காய், மொச்சை, வற்றல், பலாக்கொட்டை எதையும் மண்டி தாங்கும். 25 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கோலா உருண்டை இரண்டாவது. மசிக்கவோ அரைக்கவோ முடிகிற எதையும் கோலாவாக்கலாம். 250 கிராம் கலவைக்குப் பொட்டுக்கடலை மாவு 3 முதல் 4 மேசைக்கரண்டி. கலவையில் ஈரம் இருந்தால் எண்ணெயில் விரிந்து போகும். அதனால் மசாலாவைத் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும்.

வாசனைப் பொருள் ஒன்றே ஒன்று வந்து, கூடவே கறி இருந்தால் உப்புக்கறி. நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, குண்டு மிளகாய், உப்பு தவிர வேறெதுவும் இல்லாத சமையல் என்பதால் அந்த வாசனை தனியாகத் தெரியும். புளிப்பான பழம் வந்தால் மாங்காய்ப் பச்சடியின் முறை. இனிப்புச் சுற்றில் கும்மாயம் (உளுந்து மாவும் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிளறும் இனிப்பு). வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும். மாவை முன்கூட்டியே அரைத்துக் கொண்டுவர விதி இடம் தராவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

நெத்திலிக் கருவாடு, பலாக்கொட்டை, அன்னாசிப்பழம், கவுனி அரிசி. இந்த நான்கை வைத்து என்ன செய்வது?

நாலும் வெவ்வேறு திசை. வேலையைப் பிரித்துப் பார்த்தால் வழி தெரிகிறது. கவுனி தட்டின் அடித்தளம். பலாக்கொட்டை உருண்டைக்கு உடம்பு. கருவாடு அந்த உருண்டைக்குள் உப்பும் மணமும். அன்னாசி பக்கத்தில் புளிப்பும் இனிப்பும். ஆக, கவுனி ரவைப் பொங்கல், அதன் மேல் பலாக்கொட்டைக் கருவாட்டுக் கோலா, ஓரத்தில் அன்னாசிப் பச்சடி. வேண்டியவை: கவுனி ஒரு டம்ளர் (சுமார் 150 கிராம்), பலாக்கொட்டை 20, கருவாடு 50 கிராம், நறுக்கிய அன்னாசி 200 கிராம்.

5ஆம் நிமிடம்: கருவாட்டின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு வெந்நீரில் 10 நிமிடம் போடுங்கள். பிறகு மூன்று தண்ணீரில் அலசுங்கள். மணல் பாத்திரத்தின் அடியில் தங்கும், எனவே கருவாட்டைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும், தண்ணீரோடு சேர்த்துக் கவிழ்க்கக் கூடாது. பிழிந்து துணியில் பரப்பிவிடுங்கள்.

அந்த 10 நிமிடத்தில் கவுனியை வெறும் இருப்புச்சட்டியில் மிதமான தீயில் வறுங்கள். கவுனி கறுப்பு என்பதால் வறுபட்டது நிறத்தில் தெரியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும். வறுத்த கடலை போல ஒரு வாசனை எழுந்து, ஓரிரு அரிசி 'படக்'கென்று வெடித்தால் இறக்கிவிடலாம். ஆறியதும் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி ரவையாக்கிச் சலியுங்கள். சலித்த மாவைத் தனியே வையுங்கள், கோலாவுக்கு ஆகும். முழுக் கவுனியை இரவே ஊறவைக்காமல் வேகவைக்கப் போனால் ஒரு மணி நேரத்திலும் நடுவில் கட்டியாக நிற்கும். போட்டிகளில் கவுனி வரும்போது அதிகம் பேர் விழும் பள்ளம் இதுதான். ரவையாக்கினால் 15 முதல் 20 நிமிடம்.

பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை நகத்தால் உரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. குழவியால் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் தோல் விரிசல் விட்டுக் கழன்றுவரும். உள்ளே உள்ள பழுப்புத் தோல் இருந்தால் பாதகமில்லை.

15ஆம் நிமிடம்: ஒரே குக்கரில் அடியில் கவுனி ரவையும் 4 டம்ளர் தண்ணீரும் சிறிது உப்பும், மேல் தட்டில் தண்ணீர் இல்லாமல் பலாக்கொட்டை. கொட்டை ஆவியில் வெந்தால் உலர்வாக மசியும். தண்ணீரில் வேகவைத்தால் ஈரம் குடித்து, கோலா எண்ணெயில் உடைய அதுவே காரணமாகும். 6 விசில், பிறகு தீயைக் குறைத்து 5 நிமிடம். கஞ்சி பொங்கி வால்வை அடைக்காமல் இருக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள், குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

குக்கர் வேலை செய்கிற நேரத்தில் பச்சடி. கடுகு, கிள்ளிய மிளகாய் 2 தாளித்து, அன்னாசியும் அரை டம்ளர் தண்ணீரும் விட்டு 7 நிமிடம் கொதிக்கவிட்டு, வெல்லம் 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றி இறக்குங்கள். வெல்லத்தை முதலிலேயே போட்டால் பழம் வேகாமல் விறைத்து நிற்கும்.

28ஆம் நிமிடம்: கருவாட்டை நல்லெண்ணெயில் சிறு தீயில் மொறுமொறுப்பாக வறுத்துக் கையால் நொறுக்குங்கள். அதே எண்ணெயில் கல்பாசி ஒரு சிட்டிகை, சோம்பு ஒரு தேக்கரண்டி, குண்டு மிளகாய் 4, பூண்டு 4 பல், தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி வதக்கித் தண்ணீர் விடாமல் அரையுங்கள்.

36ஆம் நிமிடம் கோலா. மசித்த கொட்டை, நொறுக்கிய கருவாடு, மசாலா, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பொட்டுக்கடலை மாவு 3 மேசைக்கரண்டி. உப்புப் போடாதீர்கள். ஒரு உருண்டையைப் பொரித்துச் சாப்பிட்டுப் பார்த்த பிறகே உப்பு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். பிளந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு. சலித்து வைத்த கவுனி மாவில் புரட்டிப் பொரித்தால் வெளியே கறுத்த மொறுமொறுப்பு வரும். சலிக்காத ரவையில் புரட்டினால் பல்லில் கல் கடித்தது போல இருக்கும்.

45ஆம் நிமிடம்: கடுகு, உளுத்தம்பருப்பு, 10 சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து வெந்த கவுனியில் கொட்டி, அடுப்பை அணைத்தபின் அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால். 52இல் தட்டில் வைக்கத் தொடங்கினால் மூச்சுவிட நேரம் இருக்கும்.

கவுனியின் நிறம் ஏன் சில நேரம் மாறிவிடுகிறது?

தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமிதான் காரணம். புளி, எலுமிச்சை பட்டால் சிவப்புப் பக்கம் போகும். சோடா உப்பு பட்டால் நீலம் பாயும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்புப் போட்டவர்களின் தட்டு மங்கிய நீலமாக வருவது அதனால்தான். தேங்காய்ப்பால் சேர்ந்தால் வெளிர் ஊதா. அது அழகாகவே இருக்கும்.

கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ போன்றவை கட்டாயப் பொருளாக வந்தால்?

இவற்றை அதிகம் போட்டுத்தான் காட்ட வேண்டும் என்று நினைப்பது தவறு. எண்ணெயில் சரியாக விழித்துக்கொண்டால் சிறிதளவே போதும்.

கல்பாசி பச்சையாக இருக்கும்போது அதிகம் மணக்காது. உலர்ந்த பழைய மரப்பட்டை போல் இருக்கும். காய்ந்த எண்ணெயில் விழுந்த சில நொடிகளில்தான் அந்த மண் வாசனை எழும். அரை கிலோ கறிக்கு இரண்டு மூன்று இதழ். ஒட்டியிருக்கும் மரப்பட்டைத் துணுக்கையும் மண்ணையும் தட்டி எடுத்துவிடுங்கள். அது கருகினால் கசப்பு எண்ணெய் முழுக்க இறங்கிவிடும். அதற்கு மாற்று இல்லை, எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் குறைந்த நஷ்டம்.

மராட்டி மொக்குக்குக் கடுகும் மிளகும் கலந்த ஒரு காரம். அரை கிலோவுக்கு ஒன்று அல்லது இரண்டு, இடித்துப் போடுங்கள். அன்னாசிப்பூவில் இரண்டு இதழ் போதும், முழுப் பூ எல்லாவற்றையும் மூடிவிடும். சோம்பிலும் அன்னாசிப்பூவிலும் உள்ள முக்கிய மணப்பொருள் ஒன்றே (அனெத்தோல்). எனவே பூவைப் போடும் நாளில் சோம்பைப் பாதியாகக் குறையுங்கள். நடுவருக்கு அன்னாசிப்பூ தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் அதை இனிப்பில் காட்டுவது நல்லது. வெல்லப்பாகில் இரண்டு இதழ் போட்டு 5 நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்துவிடலாம்.

பிரண்டை, வாழைப்பூ, சேனை வந்தால் கை அரிக்குமே?

பிரண்டையிலும் சேனையிலும் அரிப்பு வருவது ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் துகள்களால். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பிரண்டையில் இளந்தண்டை மட்டும் எடுத்து, கணுவை வெட்டி எறிந்து, ஓர நாரை உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறும் வரை வதக்கிப் புளியோடு சேர்க்க வேண்டும். வதக்கலில் அவசரப்பட்டால் நடுவரின் தொண்டை நமைக்கும். அந்தச் சுற்று அதோடு முடிந்தது. சேனையைப் புளித்தண்ணீரில் வேகவையுங்கள்.

வாழைப்பூவில் இழுப்பது நேரம்தான். ஒவ்வொரு பூவிலும் கள்ளனை (நடுவில் நிற்கும் வேகாத நரம்பை) நீக்கி முழுப்பூவையும் ஆய 20 நிமிடமாவது ஆகும். மேல் மடல்களை விட்டுவிட்டு, நடுவில் உள்ள வெளிறிய குருத்தை மட்டும் எடுங்கள். அதற்கு ஆய்தல் வேண்டாம், அப்படியே பொடியாக நறுக்கி மோர்த்தண்ணீரில் போட்டால் கறுக்காது.

சாக்லேட், மிக்சர், சீஸ், பிஸ்கட் என்று பாக்கெட் பொருள் வந்தால்?

முதலில் அதில் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கில் எடுங்கள். மிக்சரில் உப்பு, காரம், எண்ணெய் மூன்றும் உண்டு. நொறுக்கிக் கோலாவின் மேல் புரட்டினால் நன்றாக இருக்கும். குழம்பில் போட்டால் நமுத்துக் கூழாகும். பிஸ்கட் தூள் குழம்பைக் கெட்டியாக்கும், ஆனால் இனிக்கும். மிளகைக் கூட்டிச் சரிக்கட்டலாம். சீஸைப் புளிக்குழம்பில் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். பணியாரத்துக்கோ கோலாவுக்கோ உள்ளே பூரணமாக வைப்பதே அதற்குச் சரியான இடம். கசப்புச் சாக்லேட் என்றால் அரை கிலோ ஆட்டுக்கறிக் குழம்புக்கு 10 கிராம், அடுப்பை அணைத்தபின். பால் சாக்லேட் என்றால் காரத்தில் முயலாமல் கும்மாயத்துக்குக் கொண்டுபோங்கள்.

இனிப்புச் சுற்றில் எதுவெல்லாம் காலை வாரும்?

கருப்பட்டியைக் கொதிக்கும் பாலில் போடுவது. திரிந்துவிடும். தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவைத்து, பாலையும் இறக்கி ஆறவிட்டுச் சேருங்கள். தேங்காய்ப்பாலோடு செய்தால் இந்தத் தலைவலி குறைவு, ஆனால் முதல் பாலை ஊற்றியபின் கொதிக்கவிடாதீர்கள்.

சமைக்காத அன்னாசியும் பப்பாளியும் அடுத்த வில்லங்கம். அவற்றில் உள்ள நொதி பாலைக் கசக்க வைக்கும், ஜெலட்டினை உறையவிடாது, கறியைக் கூழாக்கும். 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்தால் நொதி செயலிழந்துவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, பயமில்லை.

கவுனியில் சர்க்கரையை அரிசி வெந்து மசிந்தபின்தான் போட வேண்டும். முன்னதாகப் போட்டால் அரிசி அதற்கு மேல் வேகாது. கும்மாயத்தில் உளுந்து மாவை நெய்யில் வாசனை வரும் வரை வறுக்காமல் கருப்பட்டிக் கரைசலை ஊற்றினால் பச்சை வாடை கடைசிவரை போகாது. ஒரு டம்ளர் மாவுக்கு ஒன்றரை டம்ளர் கருப்பட்டித் தூள், மூன்று டம்ளர் தண்ணீர், அரை டம்ளர் நெய். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

உப்போ காரமோ கூடிவிட்டால்?

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பதை நம்பி 10 நிமிடம் வீணாக்காதீர்கள். அது குழம்பில் கொஞ்சம் குடிக்கும், மிச்சக் குழம்பின் உப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத குழம்பையோ தேங்காய்ப்பாலையோ கூட்டி அளவைப் பெருக்குவதே வழி. காரத்துக்கும் தேங்காய்ப்பால், இல்லையென்றால் நெய். குண்டு மிளகாய் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் இதுதான். சமையலுக்கு நல்ல நிறமும் தரும்.

தட்டில் எப்படி வைப்பது?

பொரித்ததைக் குழம்பின் மேல் வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கோலா கடைசி 2 நிமிடத்தில் ஏறட்டும். கறுப்புக் கவுனிக்கு வெள்ளைத் தட்டோ வாழையிலையோ, எவர்சில்வர் வேண்டாம். ஒரு தட்டுக்கு மூன்று கோலா, ஒரு கரண்டி பொங்கல், ஒரு மேசைக்கரண்டி பச்சடி போதும்.

நடுவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பெயர், நான்கு பொருளும் எங்கே இருக்கிறது, எதை எதோடு சேர்த்து ஒரு வாயில் சாப்பிட வேண்டும். இவ்வளவுதான். கடைசியாகச் சொன்னது முக்கியம். பச்சடியைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டால் கருவாட்டுக்கு அது செய்யும் உபகாரம் தெரியாமல் போகும். மேசையில் வயதில் மூத்த ஆச்சி ஒருவர் இருந்தால், 'பாரம்பரிய மண்டி' என்று மாற்றிய ஒன்றைச் சொல்லி வைக்காதீர்கள். 'மண்டி முறையில் செய்தது ஆச்சி, காய்க்குப் பதில் இதைப் போட்டிருக்கிறேன்' என்றால் கோபப்பட மாட்டார்கள், ருசியைப் பார்ப்பார்கள்.

வீட்டில் எப்படிப் பழகுவது?

வீட்டில் ஒருவரை மளிகை அலமாரியிலிருந்து மூன்று, குளிர்பெட்டியிலிருந்து ஒன்று எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் சமைக்கவே வேண்டாம்; 5 நிமிடத்தில் தாளில் திட்டம் எழுதுவதை மட்டும் தினமும் செய்யுங்கள். அடுத்த வாரம் அலாரம் வைத்து 60 நிமிடம் சமையுங்கள். எந்த வேலைக்கு உண்மையில் எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துவையுங்கள்: 20 பலாக்கொட்டை உரிக்க, அரை மூடி தேங்காய் துருவ, 15 சின்ன வெங்காயம் உரிக்க. போட்டியன்று அந்தத் தாளைக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று விதியில் பாருங்கள். பிரஷர் குக்கர், மிக்சி, சல்லடை அங்கே கொடுப்பார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்பதையும் பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.